நிறுவ இயலாத பிறப்பு

பிரஜாவுரிமையைப் பற்றி நான் படித்த கட்டுரைகளுள் என் நெஞ்சை மிகவும் உலுக்கியது சட்டத்தரணியோ அரசியல்வாதியோ எழுதியதன்று. கணினி விஞ்ஞானிகள் அறுவர் எழுதியது. பிரித்தானியாவின் 1981ஆம் ஆண்டுத் தேசியச் சட்டத்தைத் தர்க்க வாக்கியங்களாக்கிக் கணினிக்கு ஊட்டிய வரலாற்றை அவர்கள் 1986இல் வெளியிட்டனர். அவ்வறுவருள் ஒருவர் றொபேட் கொவால்ஸ்கி. பல்கலைக்கழகத்தில் கணினி பயின்ற நாட்களில் அதனை நான் பாடமாகவே படித்தேன். படித்து முடித்தபோது என் கண்முன் நின்றது இலண்டன் மாநகரன்று. ஊவா மலைச்சாரலில் என் பாட்டனார் வாழ்ந்து மடிந்த லயத்துக் காம்பரா.

கொவால்ஸ்கி 1941இல் அமெரிக்காவிலே பிறந்தவர். கணிதம் கற்று, ஸ்கொத்லாந்தின் எடின்பரோவில் 1970இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். எந்திரம் தேற்றங்களை நிறுவுதற்கேற்ற அனுமான விதியொன்றை அலன் றொபின்சன் 1965இல் வகுத்திருந்தார். ஆற்றல் மிக்கதாயினும், அவ்விதியைப் பின்பற்றுகையில் தேடும் வழிகள் அளவின்றிப் பெருகின. அவற்றை நெறிப்படுத்துவதே கொவால்ஸ்கியின் ஆரம்ப உழைப்பு. பிரான்சின் மார்செய் நகரில் அலெய்ன் கொல்மெரோவரைச் சந்தித்து அவர் நடத்திய கலந்துரையாடல்கள் தர்க்க நிரலாக்கம் என்னும் புதிய துறைக்கு வித்திட்டன. 1972இல் கொல்மெரோவர் குழுவினர் புரோலொக் மொழியை ஆக்கினர். 1975 முதல் இலண்டன் இம்பீரியல் கல்லூரி கொவால்ஸ்கியின் களமாயிற்று.

அத்துறையின் அடிப்படைக் கருத்து எளியது. 'தந்தையின் தந்தை பாட்டன்' என்பதை அறிவாகவும் கொள்ளலாம், வேலைத்திட்டமாகவும் கொள்ளலாம். பாட்டனைக் கண்டறிய வேண்டுமா? முதலில் தந்தையைத் தேடு. பின்னர் அவருடைய தந்தையைத் தேடு. மனிதன் உண்மைகளையும் விதிகளையும் சொன்னாற் போதும். தேடும் பொறுப்பு எந்திரத்தினுடையது. அது மட்டுமன்று. ஒரு முடிவுக்கு எவ்விதிகளின் வழியே வந்தது என்பதையும் எந்திரம் படிப்படியாகக் காட்டவல்லது.

ஆனால், இல்லை என்று சொல்வதெப்படி? இதற்குக் கீத் கிளார்க் 1978இல் தெளிவான தர்க்க விளக்கம் அளித்தார்: ஒன்றை நிறுவ எடுக்கும் எல்லா முயற்சிகளும் தோற்குமாயின், அது இல்லையெனக் கொள்க. புகையிரத நேர அட்டவணையிலே பத்து மணி வண்டி காணப்படாவிடின், பத்து மணிக்கு வண்டி இல்லை என்றுதானே முடிவு செய்கிறோம்? அம்முடிவு சரியானதே. ஏனெனில் அட்டவணை முழுமையானது. முழுமையற்ற ஏட்டை வைத்துக்கொண்டு இவ்விதியைப் பிரயோகித்தால் விளைவது என்ன?

விளைவை என் பாட்டனார் அறிந்திருந்தார். இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, இந்நாட்டிற் பிறந்தவன் வமிசாவழிப் பிரஜையாவதற்குத் தந்தையும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருத்தல் வேண்டும். என் பாட்டனாரும் அவருடைய தந்தையாரும் ஒரே தோட்டத்து லயத்திற் பிறந்தவர்கள். தோட்டமே அதனை அறியும். ஆயினும் அத்தந்தையாரின் பிறப்பை எவரும் பதிந்து வைக்கவில்லை. உழைக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவருடைய பெயர் செக்ரோலிலே தவறாமல் ஏறியது. கூலிக் கணக்கு இருந்தது. பிறப்புக் கணக்குத்தான் இல்லை.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லையேல் இலங்கையிற் பிறந்ததாக ஏற்க இயலாது என்று ஓர் அலுவலகத்திலே சொன்னார்கள். என் பாட்டனார் பணிவோடு கேட்டாராம்: "அப்படீன்னா எங்கப்பா எங்கதாங்க பொறந்தாரு, ஐயா?"

அக்கேள்விக்கு அன்று விடை கிடைக்கவில்லை. தர்க்கம் கற்ற பின்னரே அதன் கூர்மை எனக்குப் புலப்பட்டது. அவர் இந்தியாவிற் பிறந்தார் என்பதற்கும் பத்திரம் இல்லையே! நிறுவ இயலாதது பொய்யெனின், அந்த மனிதர் அங்கும் பிறக்கவில்லை, இங்கும் பிறக்கவில்லை, எங்குமே பிறக்கவில்லை. விதியை ஒருபுறம் மட்டும் பிரயோகித்து, மறுபுறம் வாளாவிருந்தார்கள்.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. பிரித்தானியச் சட்டத்தை ஆராய்ந்த அறுவரும் ஓரிடத்திலே நின்று நிதானித்தனர். அங்கு கைவிடப்பட்டுக் கண்டெடுக்கப்படும் பச்சைக் குழந்தை, மறுதலை காட்டப்படாத வரையில், தகுதியுள்ள பெற்றோருக்கு அந்நாட்டிலேயே பிறந்ததாகக் கொள்ளப்படும். நம் 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. பெற்றோர் இன்னாரென்று அறிய இயலாத குழந்தையைச் சட்டம் நம்பிற்று; ஊரறிந்த தந்தைக்குப் பிறந்த தொழிலாளியை நம்ப மறுத்தது. சான்றின்மை என்பது இரு இடத்தும் ஒன்றே. அது யாருக்கு அனுகூலமாக வேண்டும், யாருக்குப் பிரதிகூலமாக வேண்டும் என்பது தர்க்கத்தின் தீர்ப்பன்று, ஆட்சியின் தெரிவு.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 975,000 மனித உயிர்கள் எண்களாயினர். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பிற்பாடு பேசித் தீர்ப்பதற்கு. என் பெரியப்பா குடும்பத்தோடு தலைமன்னாரிற் கப்பலேறினார். 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வமிசாவழியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை வழங்கிற்று. அதைக் காணப் பாட்டனார் இல்லை.

கொவால்ஸ்கியின் துறையும் ஏற்ற இறக்கம் கண்டது. 1982இல் யப்பான் தொடங்கிய ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டம் தர்க்க நிரலாக்கத்தை அத்திவாரமாகக் கொண்டது. எதிர்பார்த்த வெற்றி கிட்டவில்லை. உலகின் நாட்டம் வேறு திசைக்குச் சென்றது. அவரோ தளரவில்லை. தர்க்கத்தைச் சாதாரண மனிதரின் சிந்தனைக்கும் எழுத்துக்கும் பயன்படுத்தும் வழியை 2011இல் ஒரு நூலாகவே தந்தார்.

இன்று கோடிக்கணக்கான தரவுகளை விழுங்கிய எந்திரங்கள் காரணம் காட்டாமலே முடிவுகளை உரைக்கின்றன. நாளை மானியமும் கடனும் உரிமையும் அவற்றின் வாயிலாகத் தீர்மானிக்கப்படலாம். அந்நாளில் ஏழை ஒருவன், எந்த விதியால் என்னை மறுத்தாய், எந்த ஏட்டை நம்பினாய், அந்த ஏடு முழுமையானதா என்று கேட்பானாயின், விடை சொல்லும் கடப்பாடு எந்திரத்துக்கும் அதனை ஏவியோருக்கும் இருத்தல் வேண்டும். கொவால்ஸ்கியின் ஆராய்ச்சியிலிருந்து நான் பெற்ற பாடம் இதுவே. அதே கேள்வியை, ஓரெழுத்தும் அறியாத ஒரு தோட்டத் தொழிலாளி முன்னரே கேட்டுவிட்டார்.