உள்ளூர்க் கணக்கும் உலகக் கணக்கும்

(முதுகலைக் கணிதம், இரண்டாம் ஆண்டு)

கணிதம் கற்போரை நோக்கி உலகம் கேட்கும் முதல் கேள்வி, "இதனால் என்ன பயன்?" என்பதே. தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் சோறு போடும் நம் சிவகாசி வட்டாரத்தில் அக்கேள்வி இன்னும் கூர்மையாக எழுவதில் வியப்பில்லை. பட்டாசு ஆலைக் கூலியில் படிக்க வந்த என் போன்றோருக்கு அது தட்டிக் கழிக்கக் கூடிய கேள்வியும் அன்று. எனவே, நான் விரும்பிப் படிக்கும் ஒரு பகுதியை நண்பர்களுக்கு எளிய முறையில் கூற முயல்கிறேன்.

அதன் பெயர் லோக்கலைசேஷன். உள்ளூர்ப்படுத்துதல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

தீப்பெட்டியைக் குரோஸ் கணக்கில் எண்ணுவதை நாம் அறிவோம். ஒரு குரோஸ் என்பது 144. 144 எண்கள் கொண்ட கடிகாரம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 143க்குப் பின் மீண்டும் சுழி. முழு எண்கள் என்னும் வளையத்தின் மேல் அமைந்த ஒரு மாட்யூல் இது. 144 = 16 × 9 ஆகையால், இக்கடிகாரம் 16 எண் கடிகாரமாகவும் 9 எண் கடிகாரமாகவும் பிரியும். இப்போது, "இரண்டால் தாராளமாக வகுக்கலாம்" என்று ஒரு விதி செய்வோம். 16 எண் கடிகாரத்தில் எதை எடுத்தாலும் நான்கு முறை இரட்டித்தால் சுழியாகிவிடும். இரட்டித்ததைத் திரும்ப வகுக்கவும் முடியுமென்றால், அது முதலிலேயே சுழி என்றாகிறது! ஆகவே 16 மறைந்துவிடும். 9 மட்டும் நிற்கும்.

இங்கே மறைந்தவை எல்லாம் ஒரு குடும்பம். அக்குடும்பத்தில் இருவரைக் கூட்டினாலும், ஒருவர் மேல் ஒருவரை ஒட்டினாலும் குடும்பத்தை விட்டு வெளியேறுவதில்லை. எனவே உள்ளூர்ப்படுத்துவது என்பது, எந்தக் குடும்பத்தைச் சுழியாக்குகிறோம் என்று தேர்ந்தெடுப்பதே எனலாம்.

மாட்யூல்களைத் தனித்தனியே பாராமல், அவற்றின் தொடர்களையே பொருள்களாகக் கொள்ளும் உலகம் டிரைவ்டு கேட்டகரி. 1960களில் பிரான்சில் குரோத்தெண்டீக்கும் அவர் மாணவர் வெர்டியேயும் அமைத்தது அது. அங்கே இப்படிப்பட்ட குடும்பங்கள் எத்தனை? 1992இல் அம்னான் நீமன் விடை தந்தார். முழு எண்களுக்கு அவ்விடை இதுதான்: பகா எண்களும் சுழியும் சேர்ந்த பட்டியலிலிருந்து விரும்பியவற்றைத் தேர்ந்தெடுங்கள், ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு குடும்பம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கட்டுக்கடங்காத உலகத்துக்கு இத்தனை எளிய வரைபடமா என்று நான் மலைத்துப் போனேன்.

பட்டாசு ஆலையில் மருந்து அறைகள் தனித்தனியே, இடைவெளி விட்டு நிற்கும். ஓர் அறையில் இத்தனை பேர்தான் என்று விதியும் உண்டு. அறை அறையாகப் பார்த்து எல்லாம் சரி என்றால், ஆலை முழுவதும் சரி என்று ஆகிவிடுமா? கணிதத்திலும் இதே கேள்விதான். ஒரு மாட்யூல் சுழியா என்பதை ஒவ்வோர் உள்ளூரிலும் பார்த்தே முடிவு செய்யலாம். ஆனால் உள்ளூர்தோறும் கட்டற்றதாக இருப்பது முழுமையிலும் கட்டற்றதாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. பல்லுறுப்புக்கோவை வளையங்களிலாவது அவ்வாறு இருக்குமா என்று 1955இல் பிரெஞ்சு அறிஞர் செர் கேட்டார்.

இரண்டு மாறிகளுக்கு 1958இல் "ஆம்" என்று நிறுவியவர் யார் தெரியுமா? காஞ்சிபுரத்தில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் பாதிரியார் ரசீனிடம் பயின்ற சி. எஸ். சேஷாத்ரி! அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. எத்தனை மாறிகளாயினும் உண்மையே என்று 1976இல் குவிலனும் சுஸ்லினும் தனித்தனியே நிறுவினர். உள்ளூர்த் துண்டுகளைப் பிசகின்றி ஒட்டும் வழியைக் கண்டதே குவிலனின் சாதனை.

இக்கணிதம் விபத்தைத் தடுக்காது, கூலியை உயர்த்தாது. அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஆயினும் பசி தீர்ந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே ஆழ்ந்த சிந்தனை உரியது என்பதை நான் ஏற்கவில்லை. சேஷாத்ரி 1989இல் தொடங்கிய கல்விக்கூடம், இன்று சென்னைக் கணிதக் கழகமாகச் சிறுசேரியில் இயங்குகிறது. நுழைவுத் தேர்வு எழுதி அங்கே சேரலாம். கரிசல் மண்ணின் பிள்ளைகளும் அத்தேர்வை எழுத வேண்டும்; அதற்கு நம் துறைப் பேராசிரியர்கள் வழிகாட்ட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.