அந்த எலியைத் தொடலாமா?

எங்க அப்பா ஒரு ஆராய்ச்சிக்கூடத்தின் 'அனிமல் ஹவுஸில்' அட்டெண்டர். கூண்டு கழுவுவது, உமி மாற்றுவது, எலிகளுக்குத் தீனியும் தண்ணீரும் வைப்பது, இதுதான் வேலை. சில நாட்களில் வெள்ளை எலிகளை கோபால்ட் வைத்த 'காமா சேம்பர்' என்ற கருவிக்குள் விட்டு, கதிர்வீச்சு கொடுத்து, திரும்ப அப்பா கையில் தருவார்கள். அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்தால் நேராகக் கிணற்றடிக்குத்தான் போவார். இரண்டு தடவை குளிப்பார். சட்டையைத் தனியாக ஊறப் போடுவார். தங்கச்சி ஓடி வந்தால், "கிட்ட வராத கண்ணு, அப்பா மேல ரேடியேஷன் இருக்கு" என்று தள்ளி நிற்கச் சொல்வார். அவள் முகம் சுருங்கிப் போகும்.

அந்த எலியைத் தொட்டால் என்ன ஆகும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. பெரிய படிப்புப் படித்தவர்களிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சம்தான்!

நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகு ஒருநாள் துணிந்து பிசிக்ஸ் சாரிடம் கேட்டேன். சார் சிரிக்கவில்லை. "சுவர் மேல டார்ச் அடிக்கிற. டார்ச்சை அணைச்ச பிறகு சுவர் வெளிச்சம் தருமா?" என்றார். "தராது சார்." "அவ்வளவுதான்டா. கோபால்ட்டோட காமா கதிர் எலிக்குக் கெடுதல் பண்ணும். ஆனா எலியைக் கதிர் வீசுற பொருளா மாத்தாது."

அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தங்கச்சியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் நண்பர்களே, கதை இதோடு முடியவில்லை. ஒரு வாரம் கழித்து அப்பா சொன்னார்: "தம்பி, எங்க ஆளுங்க கிட்ட எல்லாம் சொல்லிட்டேன். எந்த ரேடியேஷன் எலியா இருந்தாலும் பயமில்லாம தூக்கலாம்னு!"

எனக்குத் திக்கென்றது. மறுநாள் சாரிடம் ஓடினேன். "எந்த ரேடியேஷனா இருந்தாலும்னு நான் சொல்லலையே! நியூட்ரான்னா கதையே வேற" என்று ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தார்.

நியூட்ரானை 1932-ல் சாட்விக் கண்டுபிடித்தார். அதற்கு மின்னூட்டம் கிடையாது. அதனால் அணுக்கருவுக்குள் தடையில்லாமல் நுழைந்து அங்கேயே தங்கிவிடும். தங்கிய பிறகு அந்த அணு பழைய அணு அல்ல. எலியின் இரத்தத்தில் உப்பு இருக்கிறது. உப்பில் உள்ள சோடியம்-23, ஒரு நியூட்ரானை விழுங்கினால் சோடியம்-24 ஆகிவிடும். அது பீட்டாவையும் வலுவான காமாவையும் வீசும். அதாவது, உலையை நிறுத்திய பிறகும் எலியே ஒரு சிறு கதிர்மூலமாக இருக்கும்! நம் கல்பாக்கத்தில் 1985-ல் இயங்கத் தொடங்கிய சோதனை வேக ஈனுலையில், வெப்பத்தைக் கடத்தும் திரவ சோடியத்திலும் இதே மாற்றம்தான் நடக்கிறது.

மனித உடலிலும் இது நடந்திருக்கிறது. 1999 செப்டம்பர் 30 அன்று ஜப்பானின் டோக்காய்முராவில் யுரேனியக் கரைசலை அளவுக்கு மீறித் தொட்டியில் ஊற்றியதால் அணுப்பிளவுத் தொடர்வினை தொடங்கிவிட்டது. மூன்று தொழிலாளர்கள் நியூட்ரானில் சிக்கினார்கள். அவர்கள் இரத்தத்தில் உண்டான சோடியம்-24ஐ அளந்து, வாங்கிய கதிர்வீச்சைக் கணக்கிட்டார்கள். இருவர் பிழைக்கவில்லை.

அன்று இரவு அப்பாவை உட்கார வைத்து மறுபடியும் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"அந்த எலியைப் பார்த்தாத் தெரியுமா?"

"தெரியாதுப்பா. சூடும் இருக்காது, வாடையும் இருக்காது. மீட்டர்தான் சொல்லணும்."

"கையுறை போட்டுக்கிட்டா?"

"அழுக்கு ஒட்டாது, அவ்வளவுதான். காமா கையுறையைத் தாண்டி வந்துடும்."

"அப்ப என்னதான் பண்றது?"

முதல் மருந்து பொறுமை. சோடியம்-24 பதினைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். 30 மணியில் கால் பங்கு, 60 மணியில் பதினாறில் ஒரு பங்கு, 150 மணியில், அதாவது ஆறேகால் நாளில், ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. குளோரின்-38க்கு அரை ஆயுள் 37 நிமிடம்தான். ஆனால் பாஸ்பரஸ்-32க்கு 14 நாளுக்கும் மேல். ஆகவே காலண்டரை மட்டும் நம்பக்கூடாது, மீட்டரில் அளந்தே தீரவேண்டும்.

ஆராய்ச்சிக்காக அன்றே தொட வேண்டியிருந்தால்? வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும். கையில் பிடிக்காமல் நீண்ட இடுக்கியால் எடுக்க வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு சுமார் கால் பங்காகும். இடையில் ஈயக்கட்டி வைக்க வேண்டும். சட்டையில் டி.எல்.டி. பேட்ஜ் குத்தியிருக்க வேண்டும். எலியின் சிறுநீரிலும் சோடியம் வெளியேறும். ஆகவே கூண்டு உமியைக் குப்பையில் கொட்டக்கூடாது. தனியே மூடி வைத்து, அளந்து பார்த்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

கடைசியாக அப்பா சொன்னார்: "இதைத் தமிழ்ல ஒரு பேப்பர்ல எழுதிக் குடு தம்பி. அதிகாரிகிட்ட காட்டிட்டுச் சுவத்துல ஒட்டறேன்."

எழுதிக் கொடுத்தேன். முதல் வரி இதுதான்: 'எலியை வாங்குமுன் கேளுங்கள்: என்ன கதிர் கொடுத்தீர்கள்? மீட்டர் வைத்துப் பார்த்தாயிற்றா?'

மார்க் வராத ரிப்போர்ட்தான். ஆனால் அதை எழுதியபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. தெரியாததால் வரும் பயம் ஒரு குழந்தையைத் தள்ளி நிறுத்துகிறது. அரைகுறையாகத் தெரிந்ததால் வரும் தைரியமோ உயிருக்கே உலை வைக்கும். படிக்கிற நாம், வீட்டுக்குக் கொண்டுபோவதை முழுசாகக் கொண்டுபோவோம் நண்பர்களே!