ஈக்கு எமன் எருவுக்குள்ளே!

நாமக்கல்னா உங்களுக்கு முட்டை ஞாபகம் வரும். கோழிப்பண்ணை பக்கத்துல குடியிருக்கிற எங்களுக்கு... ஈ! ஒரு கையால விரட்டிக்கிட்டே சாப்பிடணும் பாஸ்.

அந்த ஈக்கும் ஒரு வில்லன் இருக்கார். பேரு மேக்ரோகீலஸ். மண்ணுலயும் எருவுலயும் வாழுற 'மைட்' குடும்பம். பூச்சி இல்லீங்க, எட்டுக்கால், சிலந்திக்குச் சொந்தம். சைஸ் ஒரு மில்லிமீட்டர்தான். ஈ உடம்புலயே தொத்திக்கிட்டு ஓசி லிஃப்ட்ல புது எருவுக்கு வந்து இறங்கி, அதே ஈ போடுற முட்டையை காலி பண்ணும். நாளைக்கு 20 வரைக்கும்!

சித்தப்பா பண்ணையில எரு எடுத்து, பாட்டிலை வெட்டின புனல்ல போட்டு, மேல பல்பு மாட்டினேன். (1905-லயே இத்தாலிக்காரர் பெர்லீஸ் புனலை வெச்சு இந்த வேலையைப் பண்ணிட்டார்.) சூடு தாங்காம கீழே இறங்கினதை லென்ஸ்ல பார்த்தா, பழைய, பாதி காஞ்ச எருவுல மைட் கூட்டம் ஓடுது! குழாய் ஒழுகி சொதசொதன்னு கிடந்த எருவுல வெறும் புழு. வேப்பமரத்தடி சருகுல வேற ஜாதி: கறுப்பு உருண்டையா, பூஞ்சை தின்னுற சாதுக்கள். உழுத மரவள்ளிக் காட்டுல அதுங்களைத் தேட வேண்டியிருந்துச்சு.

எருவை மொத்தமா வழிச்சு அள்ளினா, ஈ சீக்கிரமே திரும்பிடும். மைட் பெருக நாளாகும். மருந்தடிச்சா மைட்டும் சேர்ந்து சாகும். அதனால அடியில கொஞ்சம் பழைய எருவை விடுங்கன்னு சித்தப்பாகிட்ட சொன்னேன்.

"ஒரு வரிசை விடறேன் கண்ணு. ஈ கொறையலீன்னா, நீதான் வந்து அள்றே!"