குளம் என்ற சொல் இல்லாத மொழி

தொலைக்காட்சித் தொடரைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதுவதா எனப் பெரியோர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். 1963 நவம்பர் 23 அன்று இங்கிலாந்தின் பி.பி.சி. ஒளிபரப்பத் தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடரை, மாணவர் ஒருவர் வற்புறுத்தவே நாம் காண நேர்ந்தது. காலத்தின் முன்னும் பின்னும் பயணம் செய்யும் டாக்டர் என்பாரின் கதை அது. ஆயினும் நம் நெஞ்சில் நின்றவர் அவரல்லர். ரிவர் சாங் என்னும் பெண்.

2008இல், கோள் முழுவதும் பரந்து கிடக்கும் ஒரு நூலகத்தில் அவள் முதன்முதலாகத் தோன்றுகிறாள். டாக்டருக்கு அவள் யாரெனத் தெரியவில்லை. அவளோ, அவர் எவரிடமும் சொல்லாத இயற்பெயரையும் அறிந்திருக்கிறாள். அவருக்கு முதற் சந்திப்பாகிய அதுவே அவளுக்கு இறுதிச் சந்திப்பு. அவருக்கு மாற்றாகத் தான் மடிகிறாள். இருவர் வாழ்வும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன.

அவள் யார் என்பதை, அவளைப் படைத்த ஸ்டீவன் மொஃபட் 2011இல்தான் வெளியிட்டார். டாக்டரின் தோழி ஏமி பாண்ட் பெற்ற மகள் அவள். இயற்பெயர் மெலடி பாண்ட். மெலடி என்பது இன்னிசை. பாண்ட் என்பது குளம். காட்டினத்துப் பெண்ணொருத்தி அப்பெயரைத் தன் மொழியில் துணியில் தைத்துத் தருகிறாள். அவர்கள் காட்டில் ஆறன்றி வேறு நீர்நிலை இல்லை. ஆதலின் குளத்துக்குச் சொல்லும் இல்லை. குளம் ஆறாயிற்று, இன்னிசை பாட்டாயிற்று. மொழிபெயர்ப்பு வகுப்பில் இதனினும் நல்ல எடுத்துக்காட்டை நாம் தந்ததில்லை. சுனை, பொய்கை, ஏரி, கண்மாய், ஊருணி என அடுக்கும் மொழியினர் நாம்.

ஊருணி என்றதும் நம்மை வளர்த்த நன்னியின் நினைவு வந்தது. நமக்கே நினைவில்லாத நாள்களின் நம்மை அவர் அறிந்திருந்தார். இறுதி ஈராண்டுகளில் நாம் அவரை அறிந்தோம். அவர் நம்மை அறிந்தாரில்லை. "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்பார். ஒரு மாலை நாலைந்து முறை பெயர் சொல்லிச் சலித்து, குரலை உயர்த்திவிட்டு, விடைத்தாள் திருத்த எழுந்து போனோம். ரிவர் சாங், தன்னை அறியாதவர்முன் துயருற்றாளேயன்றிச் சினந்தாளில்லை.

திரும்பி வந்தபோது, அயலாரிடம் பேசுவதுபோல் நன்னி மரியாதையோடு கேட்டார்: "ஊருணியில தண்ணி கெடக்குதாங்க?"

அது கோடைக்காலம். ஊருணி வெடித்துக் கிடந்தது.

"நிறையக் கெடக்குது நன்னி" என்றோம்.