ஹெச்.டி.எல் 72... அப்புறம்?

‘நல்ல கொலஸ்ட்ரால்’ என்று யார் பெயர் வைத்தார்களோ, அந்தப் பெயரே பலரை ஏமாற்றிவிடுகிறது.

திருச்சியில் ஓர் அம்மா. வயது 61. இரண்டு வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். ரிப்போர்ட்டில் ஹெச்.டி.எல் 72 என்று பார்த்ததும் முகமெல்லாம் மலர்ச்சி. ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50-க்குக் கீழே போனால்தானே குறைவு? “நல்லது இவ்வளவு இருக்கே, இனி மாத்திரை எதுக்கு?” என்றார். மகளுக்கு பகீரென்றது. அதே தாளில் மொத்த கொலஸ்ட்ரால் 266, எல்.டி.எல் 168!

ரத்தக்குழாயில் சேரும் கொழுப்பைக் கல்லீரலுக்குத் திருப்பி எடுத்துப்போகும் வண்டிதான் ஹெச்.டி.எல். அதில் எவ்வளவு கொலஸ்ட்ரால் இருக்கிறது என்றுதான் டெஸ்ட் சொல்லும். வண்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சொல்லாது. டார்செட்ராபிப் என்றொரு மருந்து ஹெச்.டி.எல்-ஐ நன்றாகவே ஏற்றியது. ஆனால், அதைச் சாப்பிட்டவர்களிடம் மரணங்கள் அதிகமானதால் 2006-ல் பரிசோதனையையே நிறுத்திவிட்டார்கள்.

டாக்டர் ரிப்போர்ட்டின் ஓரத்தில் ஒரு கழித்தல் கணக்குப் போட்டார். 266-ல் 72 போனால் 194. “ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு இது 100-க்குள்ளயாவது இருக்கணும்மா. மாத்திரையை தினமும் போடுறீங்களா?”

அம்மா மகளைப் பார்த்தார். “வாரத்துல ரெண்டு, மூணு நாள் விட்டுப்போகும்...”