பேத்தியின் கால் நகமும் எங்கள் பூட்ஸும்

இன்னிக்கு உபய விவரமோ அன்னதான விவரமோ இல்லை. எங்கள் வீட்டு விஷயம். எழுத வெட்கமாத்தான் இருக்கு. ஆனாலும் சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு உதவும் என்று எழுதுகிறோம்.

எங்கள் பேத்திக்கு 9 வயசு. மகனும் மருமகளும் சிங்கப்பூரில் வேலை செய்வதால் எங்களோடுதான் வளர்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்புக்கு முதல் ஆளாக ஓடிவரும் பிள்ளை, திடீரென்று வரமாட்டேன் என்று அடம் பிடித்தாள். ஒரு வாரம் வயிற்று வலி, மறுவாரம் தலைவலி. அதட்டிக் கூட்டி வந்தோம். வாசலில் சப்பாத்தைக் கழற்றியவள், காலுறையைக் கழற்ற மறுத்து அழுதுவிட்டாள்.

பார்த்தால், பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. கூடப் படிக்கும் பிள்ளை ஒன்று "உன் கால் அழுக்கு" என்று சொல்லியிருக்கு. அதை மனசுக்குள்ளேயே வச்சிருந்திருக்கா.

நாங்கள் உடனே டாக்டரிடம் போனோமா? இல்லை. எங்கேயோ இடிச்சிருப்பா என்று மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசினோம். நெயில் பாலிஷ் போட்டு மறைத்தோம். ரெண்டு மாசம் ஓடிப்போச்சு. பக்கத்து நகமும் மஞ்சளானது.

அப்புறம்தான் கிளினிக் போனோம். டாக்டர் நகத்துண்டை வெட்டி, அடியில் இருந்த பொடியைச் சுரண்டி லேப்புக்கு அனுப்பினார். அடிபட்டாலும் சோரியாசிஸ் இருந்தாலும் நகம் இப்படித்தான் தெரியுமாம், அதனால் சோதித்துவிட்டு மருந்து தருவதே நல்லது என்றார். முடிவு வந்தது: பூஞ்சைத் தொற்று.

அடுத்து அவர் கேட்டது எங்களைத் தூக்கிப் போட்டது. "சின்னப் பிள்ளைங்க நகம் சீக்கிரம் வளரும். இது சுலபமாப் பிடிக்காது. பெரியவங்களுக்குத்தான் அதிகம் வரும். வீட்டுல யாருக்குக் கால்ல அரிப்பு இருக்கு?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் இருவருமே ஃபேக்டரி ஆட்கள். 25 வருஷத்துக்கு மேல் சேஃப்டி பூட்ஸ் போட்ட கால்கள். விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும், போகும். அரிச்சா பவுடர் போட்டுட்டு வேலைக்குப் போயிடுவோம். வீட்டில் ஒரே நகவெட்டி, குளியலறை வாசலில் ஒரே மிதியடி, கால் துடைக்க ஒரே துண்டு. பேத்திக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அங்கேயே காலைக் காட்டினோம். பேத்தி குனிந்து பார்த்துவிட்டு, "தாத்தா, உங்களுக்குமா? அப்ப நான் மட்டும் அழுக்கு இல்லையா?" என்றாள். அந்த வார்த்தை இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

அவளுக்கு நகத்தில் பூசும் மருந்து கொடுத்திருக்காங்க. சில பிள்ளைகளுக்கு மாத்திரையும் தேவைப்படுமாம். அதை டாக்டர்தான் முடிவு பண்ணணும், கடையில் நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. புது நகம் அடியிலிருந்து வளர்ந்து வரப் பல மாசம் ஆகும். பொறுமை வேணும், பாதியில் விடக்கூடாது. எங்கள் காலுக்கும் சேர்த்தே வைத்தியம் நடக்குது. இப்போ ஆளுக்கொரு நகவெட்டி, ஆளுக்கொரு துண்டு. காலுறை தினமும் மாத்துறோம், பூட்ஸை நல்லா காயவச்சுத்தான் போடுறோம்.

அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள். கோயில் குழாயடியில் கால் கழுவுகிறோம், துடைப்பதில்லை. பிள்ளைகளுக்கு ஒரு சின்னத் துண்டு கொண்டு வாங்க, விரலிடுக்கு வரை துடைச்சு விடுங்க. தொண்டூழியர்கள் நாங்களும் அங்கே ஈரம் தங்காமல் பார்த்துக்கிறோம்.

எந்தப் பிள்ளையின் காலையாவது பார்த்து ஏதும் தோன்றினால், நாலு பேர் முன்னால் சொல்லாதீங்க. பெற்றோரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்க.

கடைசியாக, பிள்ளையின் நகத்தைப் பார்க்கும்போது நம் காலையும் ஒருமுறை பார்ப்போம்.

போன ஞாயிறு பேத்தி காலுறை இல்லாமல் முன் வரிசையில் உட்கார்ந்து பாடினாள். நகத்தின் அடியில் ஒரு நெல்மணி அளவுக்குப் புது நகம் வெள்ளையாகத் தெரியுது. எல்லாம் அவன் அருள்.