மீண்டும் கைவந்த உரிமம்

கண்ணின் அருமையை அது மங்கும்போதுதான் மனிதன் உணர்கின்றான். யாவரும் அறிந்த உண்மைதான் இது. ஆயினும் பட்டுணர்ந்தாலன்றி அது நெஞ்சில் பதிவதில்லை. அவ்வாறு பட்டுணரும் நிலை எமக்கும் வாய்த்தது. மாணவச் செல்வங்களுக்கும் பெரியோர்களுக்கும் பயன்படலாம் என்னும் எண்ணத்தில் அதனை இம்மலரில் எழுதுகின்றோம்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பறையில் திருக்குறள் நடத்தியுள்ளோம். 95-ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ எமக்கு மனப்பாடம். அளவறிந்து உண்பதே அதன் சாரம் என்று கரும்பலகையில் எழுதி விளக்குவோம். வகுப்பு முடிந்ததும் சர்க்கரை மிகுந்த தேநீரும் இனிப்பும் எம்மை அழைக்கும்; யாமும் மறுப்பதில்லை. நீரிழிவு இருப்பது 2006-ஆம் ஆண்டிலேயே தெரியும். ஆண்டுக்கொரு முறை கண்ணைச் சோதித்துக்கொள்ளுமாறு மருத்துவர் கூறியதை, மாத்திரை உண்கின்றோமே என்ற துணிவில் தட்டிக் கழித்து வந்தோம்.

2021-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு நாள். துறைக் கூட்டம் முடிந்து, அந்திப் பொழுதில் ஸ்கூட்டரில் இல்லம் திரும்பிக்கொண்டிருந்தோம். எதிரே வந்த பேருந்தின் விளக்கொளி கண்ணில் பட்டதும் சாலை முழுவதும் வெண்புகை மூடியது போலாயிற்று. பதறிப் பிரேக்கை அழுத்தினோம். எம் வண்டி ஒரு மிதிவண்டியை இடித்து நின்றது. கீழே விழுந்தவன் எம் கல்லூரி மாணவன். முழங்கையில் சிராய்ப்பு. எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, “மன்னிச்சிடுங்க ஐயா, நான்தான் குறுக்க வந்துட்டேன்” என்றான். அவன் குறுக்கே வரவில்லை. சாலையின் ஓரமாகவே சென்றுகொண்டிருந்தான். அதனை யாம் அறிவோம். ஆயினும் உண்மையைச் சொல்ல நா எழவில்லை. “பார்த்துப் போப்பா” என்று கூறி வந்துவிட்டோம்.

அன்றிரவு உறக்கமில்லை. மறுநாளே கண் மருத்துவரிடம் சென்றோம். சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரித்துச் சோதித்த அம்மையார் விளக்கினார். விழித்திரையில் ஓடும் மயிரிழை போன்ற குருதி நாளங்களை மிகுந்த சர்க்கரை நாளடைவில் நலிவுறச் செய்கின்றது. நலிந்த நாளங்கள் கசிகின்றன. கூர்ந்த பார்வைக்குரிய நடுப்பகுதி வீங்குகின்றது. பின்னர் வலுவற்ற புது நாளங்கள் முளைத்து, அவை உடைந்து கண்ணுக்குள்ளேயே குருதி கசியவும் கூடும். இத்தனையும் நிகழ்கையில் வலியே இராது. “வலித்திருந்தால் அன்றே வந்திருப்பீர்கள்” என்றார் அவர். எமக்குத் தலை கவிழ்ந்தது.

இரு கண்களிலும் லேசர் சிகிச்சை நடைபெற்றது. வீக்கம் வடியக் கண்ணுக்குள் ஊசியும் பலமுறை போடப்பட்டது. இதற்கிடையே, 2022 மார்ச்சில் எம் ஓட்டுநர் உரிமம் காலாவதியாக இருந்தது. புதுப்பிக்கும் விண்ணப்பத்தோடு படிவம் 1 என்னும் தன்னுறுதிமொழியை அளித்தல் வேண்டும். நல்ல பகலொளியில், கண்ணாடி அணிந்தேனும், 25 மீட்டர் தொலைவிலுள்ள காரின் எண்பலகை தெரிகின்றதா என அது வினவுகின்றது. நாற்பது வயதைக் கடந்தோர் படிவம் 1ஏ-இல் மருத்துவர் சான்றும் இணைத்தல் வேண்டும். யாம் தெருவில் 25 மீட்டர் அளந்து நின்று அண்டை வீட்டாரின் காரை நோக்கினோம். எண்பலகை வெறும் வெண்கறையாகத் தெரிந்தது.

நண்பர் ஒருவர் ஆறுதல் கூறினார். “சான்றுக்கு ஆள் இருக்கிறார், நீங்கள் வரவே வேண்டாம். கையெழுத்து மட்டும் போடுங்கள், போதும்” என்றார். எழுதுகோலைக் கையில் எடுத்ததும் உண்மை, மறைப்பதற்கில்லை. அவ்வேளையில் அம்மாணவனின் முழங்கை நினைவில் எழுந்தது. படிவத்தை மடித்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டோம்.

அடுத்து வந்த மாதங்கள் எளியனவாக இல்லை. நகரப் பேருந்தில் கல்லூரிக்குச் சென்றோம். துணைவியாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல மருமகனை எதிர்பார்த்து நின்றோம். இனிப்பை விட்டோம், நாள்தோறும் நடந்தோம். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு 10.4-இலிருந்து 7.1-ஆகக் குறைந்தது. 2023 ஆகஸ்டில் ஒரு காலைப்பொழுது, அதே 25 மீட்டர் தொலைவில் நின்று அதே காரின் எண்ணை உரக்கப் படித்தோம். துணைவியார் வாயிற்படியில் நின்று கண்களைத் துடைத்துக்கொண்டார்.

மருத்துவர் முறையாகச் சோதித்துச் சான்றளித்தார். எனினும், மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டபின், காலாவதியாகி ஓராண்டு கடந்த உரிமத்தைப் புதுப்பிக்க மீண்டும் ஓட்டிக் காட்டித் தேறுதல் வேண்டும். ஆகவே 59-ஆம் வயதில், எம்மிடம் பயிலும் பிள்ளைகளின் வயதை ஒத்த இளைஞர்களோடு வரிசையில் நின்று, கால் தரையில் ஊன்றாமல் எட்டுப் போட்டோம். பட்டம் பெற்ற நாளிலும் எம் நெஞ்சு அவ்வாறு துடித்ததில்லை.

உரிமம் கிடைத்தது, 2028 வரை செல்லும். ஆனால் லேசர் எஞ்சிய பார்வையைக் காத்தபோதிலும், இரவுப் பார்வையையும் பக்கப் பார்வையையும் சிறிது குறைத்துவிட்டது. சட்டம் பகலொளியில் தெரிகின்றதா என்றே கேட்கின்றது. அந்தியில் தெரிகின்றதா என்று எம்மை யாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும். ஆகவே பொழுது சாய்ந்தபின் வண்டியைத் தொடுவதில்லை. புறப்படுமுன் சர்க்கரை அளவைப் பார்க்கின்றோம். அது திடீரெனத் தாழ்ந்தாலும் கண் மங்கும், தலை சுழலும் என்பதால் சட்டைப்பையில் மிட்டாய் வைத்துள்ளோம். அரசு ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரிமம் தருகின்றது. எம் கண்ணிடம் நாள்தோறும் கேட்டுப் பெறுகின்றோம்.

நீரிழிவுடைய பெரியோர்களே, வலி வரும்வரை காத்திராதீர்கள். ஆண்டுக்கொரு முறையேனும் விழித்திரையைச் சோதித்துக்கொள்ளுங்கள். மாணவச் செல்வங்களே, உங்கள் இல்லத்துப் பெரியவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள்.

இறுதியாக ஒரு சொல். அன்று மிதிவண்டியில் சென்ற அம்மாணவன் கையில் இம்மலர் கிட்டுமாயின், அவன் இதனை அறியட்டும். தம்பி, நீ குறுக்கே வரவில்லை. தவறு எம்முடையது, மன்னிப்புக் கேட்க வேண்டியவரும் யாமே.